மேஜையைச் சுற்றி யார்?

2024 டிசம்பர் 31. புத்தாண்டு பிறக்கச் சில மணி நேரமே இருக்கிறது. ஹைதராபாத்தின் கச்சிபௌலியில், ஜி.எம்.சி. பாலயோகி ஸ்டேடியத்தில் சந்தோஷ் கோப்பை இறுதியாட்டம். ஆட்டம் முடியும் தறுவாயில் ராபி ஹன்ஸ்தா அடித்த ஒரே கோலில் மேற்கு வங்கம் கேரளத்தை வீழ்த்தியது. வங்கத்துக்கு அது 33-வது கோப்பை. போட்டியை நடத்திய ஊருக்கு மிஞ்சியது, நன்றாக நடத்தினார்கள் என்ற பெயர் மட்டும். 1956-லும் 1957-லும் அடுத்தடுத்து இதே கோப்பையைத் தூக்கிய ஊர் அது.

கச்சிபௌலி ஸ்டேடியத்துக்கு இது புதிதல்ல. 2002 மார்ச்சில் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்த மக்களவை சபாநாயகர் பாலயோகியின் பெயரைத் தாங்கிய இந்த ஸ்டேடியம், ஏறக்குறைய ஒரு கல்யாண மண்டபம் மாதிரி. யார் வீட்டுக் கல்யாணமோ நடக்கும்; மறுநாள் பந்தல் பிரிக்கப்படும். 2002-ல் தேசிய விளையாட்டுகள், 2003-ல் ஆப்ரோ-ஆசிய விளையாட்டுகள், 2024 செப்டம்பரில் இன்டர்கான்டினென்டல் கோப்பை. கடைசியாகச் சொன்னதில் மொரீஷியசுடன் கோல் இல்லாத டிரா, சிரியாவிடம் 0-3 தோல்வி என்று இந்தியா முகம் தொங்கிப்போனது. அதே ஆண்டு நவம்பரில் மலேசியாவுடன் 1-1. விருந்தாளிகள் வந்து போய்க்கொண்டே இருக்கிறார்கள். வீட்டுப் பிள்ளைகளைத்தான் காணோம்.

பிள்ளைகள் இல்லாமலா? தகவல் தொழில்நுட்பக் கம்பெனிகளின் கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே, கம்பி வலை கட்டிய செயற்கைப் புல் தரைகளில், மாலையானால் ஜெர்சி மாட்டிய சிறுவர்கள் பந்து உதைக்கிறார்கள். மாதக் கட்டணம் கட்டப் பெற்றோர் தயார். வெளிநாட்டுக் கிளப்புகளின் பெயரைச் சொன்னால் இன்னும் தாராளமாகவே கட்டுவார்கள். கால்கள் இருக்கின்றன, தரை இருக்கிறது, பணமும் ஓரளவு இருக்கிறது. ஆனால் பன்னிரண்டு வயதில் உள்ளே வரும் ஒரு பையனோ பெண்ணோ, பதினெட்டு வயதில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று யோசித்து, அதற்காக ஆறு வருடம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஆட்கள் எத்தனை பேர்? கால்பந்து அகாடமியின் தலையெழுத்து மைதானத்தில் எழுதப்படுவதில்லை. நிர்வாகக் குழு கூடும் அறையில், ஒரு மேஜையின் மேல் எழுதப்படுகிறது. அந்த மேஜையைச் சுற்றி யார் உட்கார்ந்திருக்கிறார்கள், எத்தனை காலத்துக்கு, யாருக்குப் பதில் சொல்ல — இதில்தான் ஹைதராபாத் கற்றதும் கோட்டைவிட்டதும் அடங்கியிருக்கிறது.

அண்மைக் கதையிலிருந்தே தொடங்கலாம். 2019 ஆகஸ்டில், மூடப்பட்ட புனே சிட்டி கிளப்பின் இடத்தில் ஐ.எஸ்.எல். லீகுக்குள் நுழைந்தது ஹைதராபாத் எஃப்.சி. சொந்த மைதானம் கச்சிபௌலி. முதல் சீசனில் கடைசி இடம். அடுத்து ஸ்பெயின்காரர் மனோலோ மார்க்வெஸ் பயிற்சியாளராக வந்தார். இளம் இந்திய வீரர்களை நம்பி அணியைக் கட்டினார். ஜெர்மனியின் பொருஸியா டார்ட்மண்டுடன் 2020-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. இளைஞர் பயிற்சியை வளர்ப்பது அதில் முக்கிய அம்சம். 2022 மார்ச் 20 அன்று கோவாவில் கேரளா பிளாஸ்டர்ஸை பெனால்டி ஷூட்-அவுட்டில் 3-1 என்று வென்று கோப்பையைக் கைப்பற்றியது அணி. கொரோனா காரணமாக அந்த சீசன் முழுக்க கோவாவிலேயே நடந்ததால், சாம்பியன் ஆன வருடத்தில் சொந்த ஊர்க்காரர்கள் கச்சிபௌலியில் ஓர் ஆட்டம்கூடப் பார்க்கவில்லை. அது ஒரு சகுனம் என்று அப்போது யாருக்கும் தோன்றியிருக்காது.

அடுத்த சீசனில் இரண்டாம் இடம். அதற்கடுத்து சரிவு. சம்பள பாக்கி, வெளிநாட்டு வீரர்களின் வெளியேற்றம், புதிய வீரர்களைப் பதிவு செய்ய முடியாதபடி ஃபிஃபாவின் தடை. 2023-24-ல் 22 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி, மொத்தம் 8 புள்ளிகள். பெரியவர்கள் போன பின் எஞ்சிய இளைஞர்கள்தான் வாராவாரம் போய்த் தோற்றுக்கொண்டிருந்தார்கள். 2024-ல் பி.சி. ஜிண்டால் குழுமம் கிளப்பை எடுத்துக்கொண்டது. 2025 அக்டோபரில் பெயரும் போனது, ஊரும் போனது: இப்போது அது ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி.

சட்டப்படி இதில் தவறு ஏதுமில்லை. கிளப் ஒரு கம்பெனி. கம்பெனியின் முகவரியை மாற்ற அதன் டைரக்டர்களுக்கு உரிமை உண்டு. புனேயிலிருந்து ஒரு கிளப்பின் இடம் ஹைதராபாத்துக்கு வந்தபோது ஹைதராபாத்தில் யாரும் குறைபட்டுக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். ஆனால் கச்சிபௌலியில் மஞ்சள் சட்டை போட்டுக் கொண்டு பந்து பொறுக்கிப் போட்ட பதினான்கு வயதுப் பையனுக்கு, ஒருநாள் ஆட வேண்டும் என்று அவன் பார்த்துக்கொண்டிருந்த முதல் அணி சுமார் 1,500 கி.மீ. தள்ளிப் போய்விட்டது. அந்த முடிவை எடுத்த மேஜையில் அவன் சார்பாகப் பேச ஒரு நாற்காலி இல்லை. இந்திய கிளப்புகளில் அநேகமாக எங்குமே இல்லை. (இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் 13-ல், லயோனல் மெஸ்ஸி ஹைதராபாத் வந்தார். உப்பல் கிரிக்கெட் ஸ்டேடியத்தில் முதல்வர் ரேவந்த் ரெட்டியும் பந்து உதைத்தார். கூட்டத்துக்குக் குறைவில்லை.)

ஒரு காலத்தில் இதே ஊரில் மேஜை வேறு மாதிரி இருந்தது. சையத் அப்துல் ரஹீம் என்றால் இன்று பலருக்கும் 2024-ல் வந்த 'மைதான்' இந்திப் படம்தான் ஞாபகம் வரும். 1951 டெல்லியிலும் 1962 ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டுத் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் — இந்தியக் கால்பந்தின் உச்சங்கள் எல்லாம் அவர் பயிற்சியாளராக இருந்தபோது வந்தவை. படம் சொன்னது அந்தப் பயிற்சியாளரின் கதை. அதிகம் பேசப்படாத இன்னொரு வேலை அவருக்கு இருந்தது. 1940-களிலிருந்து 1963 ஜூனில் புற்றுநோயால் இறக்கும்வரை ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் அவர்தான். தொழிலில் பள்ளி ஆசிரியர். அதாவது இன்றைய பாஷையில், போர்டு மெம்பர்.

செயலாளர் என்ன செய்தார்? கடிதம் எழுதினார், லீக் நடத்தினார், சந்தா வசூலித்தார் என்பதோடு நிற்கவில்லை. சிறுவர்கள் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு வித்தை காட்டிக்கொண்டே இருக்கிறார்கள், தோழனுக்குத் தள்ளுவதில்லை என்று பார்த்தார். அறிவுரை சொல்லிக் கொண்டிருக்காமல், பந்தை உருட்டிக்கொண்டு ஓடவே கூடாது என்ற விதியுடன் ஒரு போட்டி ஏற்பாடு செய்தார். வலதுகாலை மட்டும் நம்பி ஆடுகிறார்களா? பழக்கமில்லாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்று இன்னொரு போட்டி. ஒரு பயிற்சியாளரால் தன் அணியின் இருபது பேரைத் திருத்த முடியும். போட்டியின் விதியை எழுதுகிறவரால் ஓர் ஊரின் அத்தனை பையன்களையும் திருத்த முடியும். சங்கத்தின் நாற்காலிக்கு உள்ள பலம் அது. அந்தப் பலத்தை அவர் தெரிந்தே பயன்படுத்தினார்.

அவர் பயிற்சி அளித்த ஹைதராபாத் நகரப் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. போலீஸ் துறை வேலை கொடுத்தது. சங்கம் லீகைக் கொடுத்தது. இரண்டுக்கும் நடுவே பாலமாக ரஹீம். அந்த நாட்களில் 'அகாடமி' என்ற சொல்லே புழக்கத்தில் இல்லை. அகாடமி செய்ய வேண்டிய வேலை மட்டும் நடந்தது.

தமிழ் வாசகருக்கு நெருக்கமான பெயர்கள் இந்தக் கதையில் உண்டு. செகந்திராபாத் கண்டோன்மென்ட்டை ஒட்டிய அம்முகூடாவில் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். தாயார் பெயர் முத்தம்மா. பூட்ஸ் வாங்க வசதியில்லாத வீடு. போலீஸ்காரர்கள் கழித்துப்போட்ட பழைய பூட்ஸை வாங்கி, செருப்பு தைப்பவரிடம் கொடுத்து, கால்பந்து பூட்ஸாக மாற்றிக்கொண்ட பையன். ரஹீம் அவரைப் பார்த்துவிட்டுப் பயிற்சிக்கு வரச் சொன்னார். செகந்திராபாத்திலிருந்து ஹைதராபாத்துக்குத் தினமும் வந்துபோகக் காசில்லை என்றார் பலராம். வாடகை சைக்கிளுக்குப் பணம் கொடுத்து வரவழைத்தார் ரஹீம். மெல்போர்ன், ரோம் என்று இரண்டு ஒலிம்பிக், ஜகார்த்தா தங்கம் — எல்லாம் அந்த சைக்கிளுக்குப் பிறகு. பலராம் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடப் போனார், வங்கத்திலேயே தங்கிவிட்டார், 2023 பிப்ரவரியில் கொல்கத்தாவில் காலமானார்.

ஹைதராபாத்தில் பிறந்த பீட்டர் தங்கராஜ் செகந்திராபாத் கிளப்புகளில் ஆடி, மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் வழியாக இந்திய அணிக்கு வந்தவர். ஜகார்த்தா இறுதியாட்டத்தில் தென்கொரியாவுக்கு எதிராக கோல் காத்தவர் அவர்தான். ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக சைமன் சுந்தரராஜ் அடித்தது, இந்தியா ஒலிம்பிக் கால்பந்தில் இதுவரை அடித்த கடைசி கோல். 1960-க்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்துக்கு இந்தியா தகுதி பெறவே இல்லை.

ரஹீமுக்குப் பின் என்ன ஆயிற்று என்பது நீண்ட, சலிப்பூட்டும் கதை. அரசு வேலைகள் குறைந்தன, மைதானங்கள் கைமாறின, ஷபீர் அலி, விக்டர் அமல்ராஜ் போன்றவர்கள் கொல்கத்தாவுக்குப் போய்ப் பெயர் வாங்கினார்கள். செயலாளர் நாற்காலி மட்டும் காலியாகவில்லை. அதற்குப் போட்டி கூடத்தான் செய்தது.

கச்சிபௌலிக்குத் திரும்பலாம். மேஜையின் முக்கியத்துவத்தை இங்கே உள்ள இரண்டு நிலங்கள் சொல்வதுபோல் வேறெதுவும் சொல்லாது. இரண்டும் கால்பந்து சம்பந்தப்பட்டவை அல்ல. ஆனால் அகாடமி தொடங்க நினைக்கும் எவரும் படித்திருக்க வேண்டிய பாடங்கள்.

2003-ல் அன்றைய சந்திரபாபு நாயுடு அரசு, ஐ.எம்.ஜி. பாரதா என்ற கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்தது. சர்வதேசத் தரத்தில் விளையாட்டு அகாடமிகள் வரும், ஹைதராபாத் உலக வரைபடத்தில் இடம்பெறும் என்றெல்லாம் பேச்சு. ஒப்பந்தமானபோது கம்பெனி பதிவாகிச் சில நாட்களே ஆகியிருந்தன. ஒதுக்கப்பட்டது 850 ஏக்கர்: காஞ்ச கச்சிபௌலியில் 400, விமான நிலையம் அமைந்த பக்கம் மாமிடிபள்ளியில் 450. 2006-ல் அடுத்து வந்த அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்தது. வழக்கு பதினெட்டு வருடம் இழுத்தது. ரத்து செய்தது சரிதான் என்று 2024 மார்ச்சில் தெலங்கானா உயர் நீதிமன்றம் சொன்னது. மே மாதம் உச்ச நீதிமன்றமும் கம்பெனியின் முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அந்த 400 ஏக்கரில்தான் 2025-ல் மரங்களை வெட்ட புல்டோசர்கள் நுழைந்து, ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழக மாணவர்கள் போராடி, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. இருபத்திரண்டு வருடத்தில் அங்கே ஒரு குழந்தைகூட எந்த ஆட்டத்தையும் கற்றுக்கொள்ளவில்லை.

அதே 2003-ல், அதே அரசு, அதே கச்சிபௌலியில் இன்னொருவருக்கும் நிலம் கொடுத்தது. ஐந்தே ஏக்கர், குத்தகைக்கு. 2001-ல் ஆல் இங்கிலாந்து பேட்மின்டன் பட்டம் வென்ற புல்லேலா கோபிசந்துக்கு. நிலம் கிடைத்தும் கட்டப் பணமில்லை. வீட்டை அடமானம் வைத்தார்கள். தொழிலதிபர் நிம்மகட்டா பிரசாத் ரூ. 5 கோடி கொடுத்தார். இந்தியாவுக்கு ஒலிம்பிக் பதக்கம் வர வேண்டும் என்பது அவர் வைத்த கோரிக்கை. 2008-ல் அகாடமி திறந்தது. 2012-ல் சாய்னா நேவாலின் வெண்கலம், 2016-ல் பி.வி. சிந்துவின் வெள்ளி.

850-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசம் ஏக்கரில் இல்லை. ஒன்றில் நிர்வாகிகள் நிலத்துக்காக வந்தார்கள் என்று அரசே பின்னர் நீதிமன்றத்தில் வாதாட வேண்டியிருந்தது. மற்றதில், தோற்றால் வீடு போய்விடும் என்ற நிலையில் இருந்த ஒருவர் விடியற்காலை நான்கரைக்கு ஆடுகளத்தில் நின்றார். நன்கொடை கொடுத்தவரும் தன் பெயரைக் கல்வெட்டில் பார்ப்பதைவிடப் பெரிதாக ஒன்றைக் கேட்டார். பேட்மின்டன் தனிநபர் ஆட்டம், கால்பந்துக்கு இருபது பேர் வேண்டும், ஒரு லீக் வேண்டும் என்று சொல்லலாம். உண்மைதான். அதனாலேயே கால்பந்தில் மேஜையின் பொறுப்பு இன்னும் அதிகம்.

சரி, விளையாடியவர்களையே மேஜையில் உட்கார வைத்துவிட்டால் போதுமா? 2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் கிட்டத்தட்ட அப்படித்தான் நம்புகிறது: தேசிய சம்மேளனங்களின் செயற்குழுவில் 15 பேருக்கு மேல் கூடாது, அதில் சிறந்த விளையாட்டு வீரர்கள் குறைந்தது இருவர், பெண்கள் குறைந்தது நான்கு பேர். நல்ல விதி. ஆனால் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் தலைவராக 2022 செப்டம்பரில் தேர்வான கல்யாண் சௌபே முன்னாள் கோல்கீப்பர். அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆட்டக்காரர். அவர் காலத்தில்தான் ஐ.எஸ்.எல்.லின் 2025-26 சீசன் வழக்கமான நேரத்தில் தொடங்க முடியாமல் போனது.

இதைவிடத் தெளிவான உதாரணம் ஹாலந்தில் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் கிளப் உலகத்துக்கே இளைஞர் பயிற்சி சொல்லிக்கொடுத்த இடம். 2010-ல் அணி தள்ளாடியபோது, அங்கேயே சிறுவனாக வளர்ந்த யோஹான் க்ரைஃப், நிர்வாகத்தைத் தன் பத்திரிகைப் பத்தியில் கிழித்துத் தொங்கவிட்டார். அகாடமியைக் கால்பந்துக்காரர்கள் நடத்த வேண்டும் என்பது அவர் கட்சி. 2011-ல் ஐந்து பேர் கொண்ட மேற்பார்வைக் குழுவில் அவரும் ஒருவரானார். அந்த ஐவரில் இன்னொருவர் எட்கர் டேவிட்ஸ், அவரும் அயாக்ஸ் அகாடமியின் பிள்ளை. நவம்பரில், க்ரைஃபுக்குத் தெரியாமல், மற்ற நால்வரும் சேர்ந்து லூயி வான் ஹாலை நிர்வாகத் தலைவராக நியமித்துவிட்டார்கள். க்ரைஃபும் அகாடமிப் பயிற்சியாளர்களும் நீதிமன்றம் போனார்கள். 2012 பிப்ரவரியில் மேல்முறையீட்டில் அவர்கள் பக்கம் தீர்ப்பானது. நால்வரும் பதவி இழந்தார்கள். சண்டை அத்தோடு ஓயவில்லை. க்ரைஃபின் திட்டத்தைச் செயல்படுத்திய விம் யோங்கும் 2015-ல் வெளியேறினார். ஆனாலும் அந்த அகாடமியில் வளர்ந்த டி லிக்ட், வான் டி பீக் போன்றவர்களைக் கொண்டுதான் 2019-ல் அயாக்ஸ் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போனது.

அங்கே மேதைகள் இரு பக்கமும் இருந்தார்கள். ஆனால் சண்டை எதைப் பற்றி? எட்டு வயதுப் பையனுக்கு என்ன பயிற்சி தருவது, அதை யார் தீர்மானிப்பது என்பதைப் பற்றி. இந்தியாவில் கால்பந்து நிர்வாகிகள் நீதிமன்றம் போன வழக்குகளில் பதின்மூன்று வயதுக் குழந்தை ஒரு வரியில்கூட வருவதில்லை. பிரபுல் படேலின் பதவிக்காலம் 2020 டிசம்பரில் முடிந்தும் தேர்தல் நடக்கவில்லை. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தலையிட்டு நிர்வாகிகள் குழுவை அமைத்தது. ஆகஸ்டில் ஃபிஃபா இந்தியாவைத் தடை செய்தது. பதினோரு நாளில் தடை நீங்கிவிட்டது என்று பெருமூச்சு விட்டோம். அந்த நாட்களில் கோகுலம் கேரளாவின் பெண்கள் அணி ஆசிய கிளப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தான் போய் இறங்கியிருந்தது. ஆடாமலே திரும்பினார்கள். மேஜையில் நடந்த தகராறுக்கு அபராதம் கட்டியவர்கள் அவர்கள்.

உள்ளூர் அகாடமியின் நிர்வாகக் குழுவுக்கு இவ்வளவு பெரிய விவகாரங்கள் எதுவும் வராது. வருவதெல்லாம் சில்லறை வேலைகள். ஆனால் அந்தச் சில்லறையில்தான் குழந்தையின் எதிர்காலம் இருக்கிறது.

முதலாவது, பதிவு. சம்மேளனத்தின் மையப் பதிவில் ஏறாத பையன், அதிகாரபூர்வமாக எங்கும் ஆடியதே இல்லை. ஃபிஃபா விதிப்படி, ஓர் ஆட்டக்காரர் நாட்டு எல்லை தாண்டி விலைக்கு மாறும்போது தொகையில் 5 சதவீதம், அவரை 12 வயதிலிருந்து 23 வயதுவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பங்காக வர வேண்டும். முதல் தொழில்முறை ஒப்பந்தத்தின்போது தனியாகப் பயிற்சி ஈட்டுத்தொகையும் உண்டு. இதெல்லாம் பதிவுச் சான்று இருப்பவர்களுக்கு. செயற்கைப் புல் தரையில் ஐந்து வருடம் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுத்து, எங்கும் பதிவு செய்யாத அகாடமிக்கு ஒரு பைசாவும் வராது. அதைவிட மோசம், பையனுக்கு லீக் ஆட்டமே கிடைக்காது. பயிற்சி மட்டும் எடுத்து, போட்டி ஆடாமல் கால்பந்து கற்றவர் உலகத்தில் இல்லை.

இரண்டாவது, வயது. கோப்பை வேண்டும் என்ற ஆசையில் பதினாறு வயதுப் பையனைப் பதிமூன்று என்று இறக்குவது இந்திய விளையாட்டின் பழைய நோய். மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பு வளர்ச்சியைப் பார்க்கும் சோதனை வந்துவிட்டது. ஆனால் சோதனைக்கு முன்பே தடுக்க வேண்டியது நிர்வாகக் குழு. தோற்றாலும் பரவாயில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடும் தைரியம் பயிற்சியாளருக்கு வராது, ஏனென்றால் அவர் சம்பளம் வெற்றியில் தொங்குகிறது. அந்தப் பாரத்தை அவர் தலையிலிருந்து இறக்குவதற்குத்தான் குழு.

மூன்றாவது, பாதுகாப்பு. 2022-ல் 17 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்கள் அணி ஐரோப்பா போயிருந்தபோது, உதவிப் பயிற்சியாளர் ஒருவர் தவறான நடத்தைப் புகாரில் திருப்பி அனுப்பப்பட்டு, பின்னர் நீக்கப்பட்டார். போக்ஸோ சட்டத்தில் வழக்கும் பதிவானது. தேசிய அணியிலேயே இந்த நிலை என்றால், விடுதி வைத்து நடத்தும் சிறு அகாடமிகளில் ஒரு சிறுமி யாரிடம் போய்ச் சொல்வாள்? குழுவில் பயிற்சியாளருக்குக் கட்டுப்படாத பெண் உறுப்பினர் ஒருவர் இருந்து, அவர் தொலைபேசி எண் விடுதிச் சுவரில் எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்தது. அநேக இடங்களில் சுவரில் ஸ்பான்சர் பெயர்தான் இருக்கிறது.

ஹைதராபாத்தில் எல்லாமே சோகம் என்று சொல்லிவிட முடியாது. ஸ்ரீநிதி கல்விக் குழுமம் 2015-ல் விசாகப்பட்டினத்தில் தொடங்கிய கிளப், முதலில் இளைஞர் அணிகளைக் கட்டி, பிறகுதான் பெரியவர் அணிக்கு வந்தது. ஸ்ரீநிதி டெக்கான் என்ற பெயரில் 2021-ல் ஐ-லீகில் நுழைந்து, 2022-23, 2023-24 இரண்டு சீசனிலும் இரண்டாம் இடம். நகரின் ஓரத்தில் அஜீஸ்நகரில் சொந்த மைதானம். பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு: ஒரு பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்த்து, பத்து வருடம் காத்திருப்பது அவர்களுக்குப் பழக்கமான காரியம். காலாண்டு லாபக் கணக்குப் பார்க்கும் முதலீட்டாளருக்கு அது புரியாது. ஆனால் இங்கும் எல்லாம் ஒரே குழுமத்தின் விருப்பத்தில் நிற்கிறது என்ற ஆபத்து இருக்கத்தான் செய்கிறது.

2025 ஆகஸ்டில் தெலங்கானா அரசு புதிய விளையாட்டுக் கொள்கையோடு 'ஸ்போர்ட்ஸ் ஹப்' என்ற அமைப்புக்கு ஒரு போர்டை அறிவித்தது. தலைவர் மோகன் பகான் அணியின் உரிமையாளர் சஞ்சீவ் கோயங்கா. இணைத் தலைவர் உபாசனா கொனிடேலா. உறுப்பினர்களில் கபில் தேவ், அபினவ் பிந்த்ரா, பாய்சுங் பூட்டியா, கோபிசந்த். பெயர்ப் பட்டியலைக் குறை சொல்ல முடியாது. பூட்டியாவுக்கு அகாடமி நடத்திய அனுபவம் உண்டு. கோபிசந்துக்குக் கச்சிபௌலியின் ஒவ்வொரு கல்லும் தெரியும். ஆனால் எல்லோருமே வேறு இடங்களில் முழுநேர வேலை உள்ளவர்கள். வருடத்துக்கு எத்தனை தடவை கூடுவார்கள், எந்த வயதுப் போட்டி எத்தனை நடத்தப்படும், எவ்வளவு பணம் எத்தனை வருடத்துக்கு என்பதுதான் பட்டியலைவிட முக்கியம். ரஹீம் மாதிரி ஒருவர் மாவட்ட லீகின் விதியை உட்கார்ந்து எழுதும் அறைக்கு இந்தப் போர்டில் இடம் இருக்கிறதா என்பதை, இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் சிறுவர் லீகில் எத்தனை ஆட்டங்கள் நடந்தன என்று எண்ணிப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அதுவரை, கச்சிபௌலியில் மாலை நேரத்தில் கம்பி வலைக்கு வெளியே காரில் காத்திருக்கும் தகப்பனாருக்கும், ஆபீஸ் முடித்து நேரே மைதானத்துக்கு வரும் தாயாருக்கும் செய்யச் சில காரியங்கள் இருக்கின்றன. அகாடமி கம்பெனியாகப் பதிவாகியிருந்தால், அதன் டைரக்டர்கள் யார் என்பதைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் பதிவேட்டில் எவரும் பார்க்கலாம். சங்கமாகவோ டிரஸ்டாகவோ இருந்தால் நிர்வாகிகளின் பெயரைக் கேட்டு வாங்கலாம். போன சீசனில் இந்த வயதுப் பிரிவு எத்தனை லீக் ஆட்டம் ஆடியது, மைதானத்தின் குத்தகை எந்த வருடம் முடிகிறது, மகனின் பதிவு எண் என்ன என்று கேட்கலாம். பதில் வர எத்தனை நாள் ஆகிறது என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.